ஆறு வீட்டு வேண்டுதல்

எனக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். உமாராணியைப் பற்றிச் சொல்லுமுன் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிடாம் கிரி ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இப்போது ஆறே ஆறு தமிழ் வீடுகள். மற்ற வீடுகளில் பனிதான் குடியிருக்கிறது. விடியற்காலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டிலிருந்து வந்து, திறந்து கிடக்கும் ஒவ்வொரு வாசலாக நுழைந்து மெல்ல வெளியே போகும். பார்த்துக்கொண்டே நின்றால் வேலைக்குப் போவதே மறந்துவிடும்.

இங்கே கடைசியாகப் பிறந்த குழந்தை, உமாவின் மகள் ரூபினி. உமா என் தம்பி வசந்தனின் மனைவி. எங்கள் தாய்மாமன் மகள். வெளியில் பெண் எடுத்தால் தம்பியும் டவுனுக்குப் போய்விடுவான் என்று பயந்து, சொந்தத்திலேயே கட்டிவைத்தவள் நான். இரண்டு பேர் ரத்தத்திலும் தலசீமியா என்ற ரத்தச்சோகை நோய் மறைந்திருந்தது யாருக்குத் தெரியும்? மாதாமாதம் ரத்தம் ஏற்றியும் ரூபினி ஆறு வயதைத் தாண்டவில்லை.

அதன் பிறகு உமா கையுறைத் தொழிற்சாலைக்குப் போவாள், வருவாள், தூக்கத்தில் நடப்பவள்போல் முற்றத்தைக் கூட்டுவாள். அடுத்த பிள்ளைக்கும் அது வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, வயிற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"நாலுல மூணு நல்லது லா! இதுக்கு ஏன்டி பயப்படுறே?" என்றேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

எங்கள் அப்பா முருகையா, முனீஸ்வரர் கோயில் பூசாரி. தன்னோடு வம்சம் போய்விடுமோ என்று அவர் புலம்பக் கேட்டேன். ஆறு வீட்டையும் கூட்டினேன். உமா பேரில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதாக வேண்டிக்கொண்டோம். உமாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. தொட்டில், அந்தப் பெண் உடுத்திய சேலையாக இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவள் வேலைக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த மஞ்சள் சேலையைக் கிழித்தேன்.

திருவிழாக் காலையில் பூத்தூறல். ஆள் தொடாமலே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று முறை ஆட்டிவிட உமாவை அழைத்துவந்தோம். அவள் ஆட்டவில்லை. துணியில் முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். உறுமி மேளம் நின்றுவிட்டது.

"அண்ணி, ரூபினி கடைசியா என் மடியில படுத்திருந்த சீலை. தொவைக்காம வெச்சிருந்தேன்."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்!

"ஊசி குத்தறப்போ, 'வேணாம்னு சொல்லும்மா'ன்னு கத்துவா. நான்தான் கையைப் புடிச்சு அமுக்குவேன். இன்னொரு புள்ளைய அப்படிப் புடிக்க என்னால முடியாது. வயித்துல பாத்துக் கலைக்கவும் முடியாது. நம்ம சனம் என்னோட முடிஞ்சா முடியட்டும்."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா, "எல்லாம் சாமி பாத்துக்கும்…" என்று ஆரம்பித்தாள்.

"வாய மூடுக்கா!" என்றேன்.

அப்பாவுக்குக் காது மந்தம். கற்பூரத் தட்டோடு, "தேவகி, புள்ள என்னா சொல்றா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் காதருகே போய்க் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"பேரப்புள்ள கெடையாதுப்பா! நம்மளோட சரி! இனிமே அவளை யாரும் கேக்கக்கூடாது!"

தட்டில் கற்பூரம் அணைந்தது. பிறகு அப்பா உமாவின் நெற்றியில் திருநீறு வைத்தார்.

"காலையிலேருந்து பட்டினியா நிக்கிறா. மொதல்ல என் மருமவளுக்குச் சோறு போடு," என்றார்.