டப்பாவில் நூற்றிருபது... அளந்தால்?

என் தம்பி பெஞ்சமின் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். லீவில் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டான், எதையாவது அளந்துகொண்டே இருப்பான். டயரில் காற்று, சிலிண்டரின் எடை, இன்வெர்ட்டர் பேட்டரி... ஒரு மீட்டர் காட்டுவதை நம்பாமல், இன்னொரு மீட்டரை வைத்து அந்த மீட்டரையே சோதிக்கிற ரகம்.

அப்படிப்பட்டவனுக்குப் போன மாதம் நான் டிவி வாங்கிக் கொடுத்தேன். தப்புதான்!

அவனுக்கு ஃபுட்பால் பைத்தியம். பந்து வேகமாகப் போகும்போது அதற்குப் பின்னால் வால் முளைக்கக் கூடாது - இது ஒன்றுதான் அவன் போட்ட கண்டிஷன். கடையில் சேல்ஸில் இருந்த பெண் ஸ்டெல்லா. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். "இத எடுங்கக்கா. நூத்திருவது ஹெர்ட்ஸ். பந்து பளிச்சுன்னு தெரியும்" என்றாள். அதாவது, திரை ஒரு நொடிக்கு நூற்றிருபது தடவை படத்தைப் புதுப்பிக்குமாம். டப்பாவிலும் அப்படித்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முதல் மேட்ச். முதல் கார்னர் கிக். வால்!

பெஞ்சமின் மொபைலை ஸ்லோ மோஷனில் வைத்துத் திரையைப் படம்பிடித்தான். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணினான். "ஏக்கா... நூத்திருவதுலாம் கெடையாது. அம்பதுகூட முழுசா வரல. ஒன்னய நல்லா ஏமாத்திட்டாவ" என்றான்.

எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று வாராவாரம் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மறுநாள் காலை கடை திறந்ததும் தம்பியோடு போய் நின்றேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி என் பக்கமே திரும்பவில்லை. ஸ்டெல்லாவைத்தான் முறைத்தார். "என்னம்மா சொல்லி வித்த?"

அவள் தம்பியின் வீடியோவை வாங்கிப் பார்த்தாள். "அண்ணன், இது கேபிள்ல வந்த மேட்ச்லா? சேனல்காரங்க அனுப்புததே அம்புட்டுதான். நீங்க டிவிய அளக்கல, கேபிள அளந்துருக்கீக."

பெஞ்சமின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கப்பல் இன்ஜினையே அளக்கிறவன் அசடு வழிந்தான். நானும் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அதோடு விட்டிருந்தால் ஸ்டெல்லா ஜெயித்திருப்பாள். விடவில்லை. "இருங்கக்கா. டிவியவே அளந்து பாத்துருவோம்."

அதே மாடல் டிவி ஒன்றில் லேப்டாப்பைச் சொருகினாள். திரையில் வரிசையாகக் கட்டங்கள். டிவி ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குத் தாவும். தம்பியின் மொபைல் நொடிக்கு இருநூற்று நாற்பது ஃபிரேம் எடுக்கும். ஒரு கட்டம் இரண்டு ஃபிரேம் எரிந்தால் டிவி நூற்றிருபது. நாலு ஃபிரேம் எரிந்தால் அறுபது. இவ்வளவுதான் கணக்கு.

சத்தமாகவே எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

வேறு போர்ட்டில் சொருகினாள். நாலு. கேபிளை மாற்றினாள். நாலு. பக்கத்தில் நின்ற பெரிய டிவியில் அதே லேப்டாப்பை வைத்துப் பார்த்தாள் - இரண்டு! ஆக, லேப்டாப்பும் யோக்கியம், மொபைலும் யோக்கியம்.

"அண்ணாச்சி, இது அறுவதுதான். திரைக்குப் பொறத்தால எரியுத லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டு, அதையும் சேத்து நூத்திருவதுன்னு டப்பாவுல போட்டுருக்காவ. நாம அக்காட்ட சொன்னது தப்பு."

"டப்பாவுல இருக்கதத்தான நாம சொன்னோம்?"

"டப்பா சொல்லுச்சு. நாமளும் திருப்பிச் சொன்னோம்லா?"

டிவி வாங்க வந்த ஒரு தம்பதி பில் போடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் மூன்று மாத வேலை என் வாயால் போகப்போகிறதே! "பரவால்ல அண்ணாச்சி, நாங்க இதையே வச்சுக்கிடுதோம்" என்று உளறினேன். தம்பி என் கையைக் கிள்ளினான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். எவ்வளவு நேரம் துடைப்பார் ஒரு மனுஷன்? கடைசியில் கேட்டார்: "இங்கன நிக்குத அம்புட்டையும் இப்படி அளக்க எத்தன நாளாவும்?"

"ரெண்டு நாள் அண்ணாச்சி."

"அளந்துரு." முகம் மட்டும் கடைசிவரை கடுகடுவென்றுதான் இருந்தது. எங்களுக்கு அந்த 'இரண்டு ஃபிரேம்' டிவியை மாற்றிக் கொடுத்தார். பந்தின் வால் முழுதாகப் போகவில்லை, பாதியாகியிருக்கிறது. மிச்ச வாலுக்குக் கேபிள்காரர்தான் பொறுப்பு என்கிறான் பெஞ்சமின்!

நேற்று அந்தப் பக்கம் போனேன். ஒவ்வொரு டிவியின் மூலையிலும் ஒரு துண்டுச் சீட்டு. பால்பாயின்ட் பேனாவில் ஸ்டெல்லாவின் கையெழுத்து - 'டப்பாவில் 120, அளந்தது 60.' சிலவற்றில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு நின்ற தம்பதியும் வாங்கிவிட்டார்களாம். அறுபதைத்தான்... தெரிந்தே!

கேட்காமல் வர மனசு வரவில்லை. "ஏளா, அன்னைக்கு அண்ணாச்சி உன்னய வேலைய விட்டு நிறுத்தியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"வேற கடைக்குப் போயிருப்பேன்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "அங்கன போயி அளந்தாலும் அது அறுவதுதான?"