காந்தம் போட்ட சிவப்புக் கோடு

அந்தக் குழாய் வேலைக்காரருக்குத் தெருவில் காந்தம் என்றுதான் பேர். வேலை இல்லாத நாளில் உலோகம் தேடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, உழுத வயல், பழைய சந்தைத் திடல் என்று காசு தேடக் கிளம்பிவிடுவார். மனுஷன் வாயைவிட அந்தக் கருவியின் வாயைத்தான் நம்பினார்.

அதில் குப்பையை ஒதுக்கும் திருகு ஒன்று உண்டு. ஏற்றி வைத்தால் ஆணி, தகரம், சிகரெட் பெட்டி ஈயத்தாள் எதற்கும் மூச்சு விடாது. காசுக்கு மட்டும் கணீரென்று கத்தும். காந்தம் அதை உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு போட்டிருந்தார். வாங்கிய நாளிலிருந்து அசைத்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் மோதிரம் காணாமல் போனது. தேய்ந்து நூலாய்ப் போன தங்கம். அன்று வீட்டுக்கு வந்திருந்தது தங்கச்சி மட்டும். அம்மா துணி அலசிய கொல்லைக் குழாயடியைக் காந்தம் மூன்று தடவை சலித்தார். கருவி வாய் திறக்கவில்லை.

"மண்ணுல இல்ல. அப்ப யாரு கையிலயோதான் இருக்கு" என்று தங்கச்சியின் பையை வாசலில் கவிழ்த்தார். ஒரு சீப்பும் ரெண்டு பஸ் டிக்கெட்டும் விழுந்தன. பொறுக்கிக்கொண்டு போனவள், அம்மா சாவுக்குத்தான் அடுத்து வந்தாள். பெத்தவளும் மகள்மேல் சந்தேகத்தோடுதான் கண்ணை மூடினாள்.

போன வாரம் பக்கத்து வீட்டுக் கண்டக்டர், ரிட்டயர் ஆனவர், புதுக் கருவியோடு வந்தார்.

"உன் கிழட்டு மெஷினுக்கு எத்தனை அங்குலம் காது கேக்குதுன்னு பாத்துடுவோமா?"

கொல்லையில் காசுகளை வேறுவேறு ஆழத்தில் புதைத்துப் பார்ப்பது என்று பேச்சு. அதற்கு முதலில் மண்ணில் கிடக்கும் ஆணி, தகரத்தையெல்லாம் எடுத்துவிடவேண்டும். கண்டக்டர் தன் கருவியின் திருகை முழுக்க இறக்கிவிட்டுத் துழாவினார். குழாயடியில் மந்தமாக ஒரு சத்தம்.

"சிகரெட் தாளுய்யா அது" என்றார் காந்தம். "என்னோடது பாருங்க, கண்டுக்கவே இல்ல. குப்பை பொறுக்கத்தான் இவ்வளவு பெரிய மெஷினா?"

"பொறுக்கிட்டுப் போறேன். உனக்கென்ன வலிக்குது?"

மூன்று விரல் ஆழம்கூட இல்லை. கண்டக்டர் உள்ளங்கையில் மோதிரம் கிடந்தது.

"மெல்லிசுத் தங்கம் தாள் மாதிரிதான் கேக்கும். திருகை ஏத்தினா இதையும் சேத்துத் தள்ளிடும். கூட வந்த புத்தகத்துல போட்டிருக்குமே?"

காந்தம் அதைப் பிரித்ததே இல்லை. மோதிரத்தை மண்மேல் வைத்துத் தன் கருவியை நீட்டினார். சத்தமில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டித் திருகை இறக்கினார். கூவியது.

தங்கச்சிக்கு போன் போட்டார்.

"மோதிரம் கெடச்சிடுச்சும்மா. குழாயடியில."

"புது மெஷினா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"பழசே கேட்டிருக்கும். நான்தான் திருகை இறக்கல."

"நான் எடுக்கலன்னு பதினோரு வருஷம் முன்னாடியே சொன்னேன். மெஷின் சொன்னாத்தான் உனக்குக் காது கேக்குது. சரி, அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

போனை வைத்துவிட்டாள். காந்தம் சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

பின்னால் கண்டக்டர் காசைக் குலுக்கிக்கொண்டே, "முதல்ல எத்தனை அங்குலத்துல புதைக்கலாம்?" என்றார்.