டிரைவர் சைடு, கிளீனர் சைடு

தகரத்தைக் கத்தரி கடித்துக்கொண்டு போகும் அந்தக் கிரீச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் பல் கூசும், கூடவே கோபமும் வரும். நான் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய வருடம், சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரு பழைய காரால் வந்த கோபம் அது.

பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன அந்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்துப் பழுதுபார்த்தார். இன்ஜின் முன்னால் இருக்கும், அது உருட்டுவது பின் சக்கரத்தை. இரண்டையும் சேர்க்கும் நீண்ட இரும்புத் தண்டு இருக்கைகளுக்கு நடுவே சுழலும். அதை மூடும் தகரக் கூடுதான் "டன்னல்". பழையது துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. மூடாமல் ஓட்டினால் பக்கத்தில் உட்காருபவரின் துணியைத் தண்டு சுருட்டி இழுத்துக்கொள்ளும். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளைக் கவுனோடு என்னை அந்தக் காரில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்; நானும் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பழனிசாமி அண்ணன் அளவெடுக்க வந்தபோதே முகம் சுளித்தார். "லாரில இது அடியில ஓடுமுங்க. இதென்னுங்க சாமி, ஊட்டுக்குள்ள உட்டிருக்காங்க?" மிதிகட்டைகளுக்கு இடம் வேண்டுமென்று அப்பா, "டிரைவர் சைடுல ரெண்டு விரக்கடை உள்ள தள்ளி வளைங்க" என்றார். நாமக்கல் பட்டறையில் டிரைவர் சைடு என்றால் வலது, கிளீனர் சைடு என்றால் இடது. அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. எங்கள் காருக்கோ ஸ்டியரிங் இடது பக்கம். பட்டறைக்குப் போனதும் அண்ணனின் கை பழக்கப்படி வலதை வளைத்துவிட்டது.

வந்த டன்னலை வைத்தால் இடது பக்கம் ஆக்ஸிலரேட்டரில் இடித்தது, வலது பக்கம் சந்து விட்டது. அப்பா நாமக்கல் போகும் லாரிக்காரர் ஒருவரிடம், "கிளீனர் சைடுன்னு சொல்லுங்க, அவருக்குப் புரியும்" என்று சொல்லியனுப்பினார். அதற்குள் அண்ணனுக்குத் தன் தப்பு உறைத்திருந்தது. இந்தக் காருக்கு இடதுதான் டிரைவர் சைடு, அப்படியானால் கிளீனர் சைடு வலது என்று அழகாக யோசித்து, மறுபடியும் வலதையே வளைத்து அனுப்பினார். இடது, வலது என்று ஒரு வார்த்தை இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த இரண்டாவது டன்னல் வந்து சேர்ந்தது புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம். அப்பா சுத்தியலால் அடித்துப் பார்த்தார், காலால் மிதித்தும் பார்த்தார்.

"வேணாங்க, கவுனு மாட்டுனா புள்ள காலும் சேந்து போயிரும்" என்று அம்மா முடித்துவிட்டாள். காலையில் நிற்கிற காரில் என்னை உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். பிறகு இறக்கி, கவுனைச் சுருட்டி மடியில் வைத்து, அப்பா சைக்கிள் பாரில் ஏற்றினார். கோயில் வாசலில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நின்றிருந்தார்கள். அழுதுகொண்டேதான் இறங்கினேன்.

சரியான டன்னல் பிறகு வந்தது. முதல் சவாரிக்கு அப்பா கூப்பிட்டபோது அந்தக் கவுன் தம்மம்பட்டிச் சித்தி மகளுக்குப் போயிருந்தது. பழைய பாவாடையோடு, மண்ணெண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கடைவீதி வரை போய்வந்தேன்.

கார் எப்போதோ விலைபோய்விட்டது. தப்பாக வந்த இரண்டு டன்னல்களையும் அம்மா கோழிகளுக்குக் கூடாகக் கவிழ்த்து வைத்தாள். அவையும் துருவேறி மண்ணோடு போயின. இப்போது வரும் கார்கள் பலவற்றில் நடுவில் அந்த மேடே இல்லை. போன மாதம் என் காரின் கதவில் விழுந்த கீறலைச் சரிசெய்யப் போனபோது மெக்கானிக், "டிரைவர் சைடுங்களா, கிளீனர் சைடுங்களா?" என்று கேட்டார். நான் அந்தக் கதவின்மேல் கையை வைத்தேன். அப்பாவும் அன்றைக்கு ஒரு தரம் கையை வைத்துக் காட்டியிருக்கலாம்.