எழுந்திருக்கும் மிருகம்

பிரிண்டருக்கும் தண்ணீர் மெஷினுக்கும் நடுவே, அலுவலகத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள் டைனோ அக்கா. கணக்குப் பிரிவுக்காரர்கள் காலைத் தூக்கிவைத்துத் தாண்டிப் போகிறார்கள். என்ன ஏது என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அவள் முழங்கையை ஊன்றி, இடுப்பைப் புரட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து எழுகிறாள். பாதியில் நின்று, “பாரம் எங்க போகுது? தோளுக்கா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடியும் படுக்கிறாள்.

வீடியோ கேம் செய்யும் கம்பெனி அது. அங்கே டைனோசர்களை நடக்க, ஓட, விழ வைப்பது அவள் பிழைப்பு. பல்லும் தோலும் கர்ஜனையும் மற்றவர்கள் பாடு. எடை மட்டும் அவள் பாடு. அதற்காக, கனத்த உடம்புகள் எழுந்திருப்பதை எங்கே கண்டாலும் வாய் பார்ப்பாள். பஸ்ஸில் பருத்த மனிதர் ஒருவர் இறங்கத் தயாரானால் போதும், தன் ஸ்டாப்பைக் கோட்டை விட்டுவிடுவாள். “என்னை ஏம்மா இப்படி உத்துப் பாக்குற?” என்று கேட்ட மாமாக்கள் உண்டு. உண்மையைச் சொல்ல முடியுமா?

இப்போதைய தலைவலி ஒரு கிழட்டு டைனோசர். அடிபட்டு விழுந்த அது, எழுந்து தன் குட்டிகளுக்கு முன்னால் நிற்கவேண்டும். மாதக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டுகிறாள். குழுவின் லீட் அவளைவிடச் சின்னவன், கெட்டவனும் இல்லை.

“சூப்பரா இருக்குக்கா. ஆனா கேம் ஆடுறவன் பொறுக்க மாட்டான். எழுந்திருக்கிற நேரத்தைப் பாதியாக் குறைங்க.”

குறைத்தாள். இன்னும் என்றான். குறைக்கக் குறைக்க அது காற்றடைத்த பொம்மையாகிவிட்டது. “வயசான ஜீவன்ப்பா, அதுக்குக் கொஞ்சம் நேரம் குடு” என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

இந்தப் பொறுமையெல்லாம் ஆபீஸோடு சரி. வீட்டில் அப்பா இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நாற்காலியை விட்டு எழுவதே அவருக்குப் பெரும்பாடு. பிசியோதெரபி பெண் கறாராகச் சொல்லியிருக்கிறாள்: “நீங்க தூக்காதீங்க. தூக்கிப் பழக்கினா அப்புறம் படுத்த படுக்கைதான்.” தெரியும். தெரிந்தும், பஸ்ஸுக்கு நேரமாகும் காலையிலும் கண் சொருகும் மாலையிலும் அக்குளில் கைகொடுத்து நிறுத்திவிடுகிறாள். “விடும்மா, நானே எழுந்துக்குவேன்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நின்றிருப்பார். முகம் மட்டும் சுண்டிப் போயிருக்கும். அதைப் பார்க்காமல் இருக்கவும் அவள் பழகிவிட்டாள். அலுப்பு அப்படி.

நேற்று மாலை செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் மாட்டிய பையோடு அவர் எதிரில் கட்டிலில் உட்கார்ந்தாள். உறவுக்காரரை விசாரிப்பதுபோல அப்பா விசாரித்தார்.

“உன் மிருகம் எப்படி இருக்கு? எழுந்துடுச்சா?”

“எழுந்திருக்கிறதையே வெட்டிட்டாங்கப்பா.”

“அப்ப எப்படி நிக்கும்?”

“விழுந்து கிடக்கும். கண்ணை மூடித் திறந்தா நிக்கும். நடுவுல ஒண்ணும் கிடையாது.”

அப்பா சிரித்தார். “குடுத்து வச்ச ஜென்மம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அப்பாவுக்குத் தானும் இதைத்தானே செய்கிறோம் என்று சுருக்கென்றது.

அவர் பாத்ரூமுக்குப் போக நாற்காலியின் கைகளைப் பற்றினார். முன்னால் சாய்ந்தார். பாரம் உள்ளங்கைகளுக்கு வந்தது, முழங்கால்கள் நடுங்கின, பொத்தென்று திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவள் கைகள் தாமாக நீண்டன. அப்பா அந்தக் கைகளைப் பார்த்தார்.

“மெதுவாவே எழுந்திருங்கப்பா” என்றாள். நீண்ட கைகளை இழுத்து, தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.