கழற்றி வைத்த வைஃபை கார்டு

இது கீரனூரில் சோபியாவுக்கு நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் அவள் வற்புறுத்துவதில்லை. கேட்டால் மட்டும் சொல்வாள். எத்தனை முறை கேட்டாலும் ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் வேலை அவளுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. லேப்டாப்தான் பழசு. அவள் கணவன் பிரசாந்தோடு முன்பு வேலை பார்த்த லியோன் கொடுத்தது. ஆவூர்க்காரர், சிங்கப்பூரில் இருக்கிறார். சோபியா அவரைப் பார்த்ததுகூட இல்லை.

அந்த லேப்டாப்பின் வைஃபை பாடாய்ப் படுத்தியது. பாதிப் பாடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளே சிக்னலைப் பிடிக்கும் வைஃபை கார்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று படித்து, புதிதாக ஒன்றை வரவழைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். மழை மூட்டம். பிரசாந்த் திருச்சிக்கு வேலைக்குப் போயிருந்தான். யூடியூபைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினாள். பழைய கார்டு தீப்பெட்டி அளவுதான். அதில் மாட்டியிருந்த இரண்டு மெல்லிய ஒயர்களை எடுத்துவிட்டு, கார்டை உருவி மேசைமேல் வைத்தாள்.

புதியது பொருந்தவில்லை. அளவு வேறு.

பிரசாந்துக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணும் பண்ணாத. மூடி வை. வாரப்ப சரியானதா வாங்கிட்டு வாரேன்."

மூடியைத் திருகினாள். எதையாவது கெடுத்துவிட்டோமோ என்று பயம். பவர் பட்டனை அழுத்திப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் நின்றது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது.

திரை வந்தது. நிம்மதியானாள். அப்புறம்தான் கீழ் மூலையைக் கவனித்தாள்.

வைஃபை அடையாளம். முழுசாக.

ரௌட்டரைப் பார்த்தாள். ஒரு விளக்கும் எரியவில்லை. பழைய கார்டு மேசைமேல்தான் கிடந்தது.

ட்ரிங்... ட்ரிங்...

வீடியோ கால்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள். அணையவில்லை. மணி தானாக நின்றது. திரை கறுத்தது. ஒரே இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு வாங்கும் சத்தம்...

"என்னங்க... கேக்குதா?"

பெண் குரல். மிகப் பக்கத்தில்.

"நீங்க பேசுறது எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க... நான் பேசுறது கேக்குதா?"

சோபியா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"கேக்குதா...?"

"கே... கேக்குதுக்கா."

ஏன் பதில் சொன்னாள்? இன்றுவரை அவளுக்கே தெரியாது.

இரைச்சல் நின்றது.

"யாரு நீ?"

லேப்டாப் அணைந்தது.

பிரசாந்த் வரும்வரை அவள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து போட்டுப் பார்த்தான். வைஃபையே இல்லை என்றது லேப்டாப். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ஸ்பீக்கரில் லியோனைக் கூப்பிட்டான். நடந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"அண்ணே, அந்த லேப்டாப்ப முன்னாடி யாரு வச்சிருந்தா?"



"என் வீட்டுக்காரி பாத்திமா. போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு தம்பி. அதுலதான் என்கிட்ட பேசிக்கிட்டு இருந்தா. திடீர்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டா. அவ பேசுனது எனக்குக் கேட்டுச்சு. நான் கத்துனது அவளுக்குப் போகல. கேக்குதா, கேக்குதான்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா..."

சோபியா பிரசாந்தின் கையை இறுகப் பிடித்தாள்.

"வீட்ல அவளத் தவிர வேற யாருமே இல்ல தம்பி. ஆனா கடைசியா ஒண்ணு கேட்டா. அதுதான் எனக்கு இன்னும் வெளங்கல."

"என்னண்ணே கேட்டாங்க?"

"யாரோ பதில் சொன்ன மாதிரி நிமுந்து பாத்தா... 'யாரு நீ'ன்னு கேட்டா."