ஐந்து கூட்டுத்தொகையும் மேல்மடைக்காரரும்

எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தி டிவியில் வந்து, மேல்மடை வயல்களில் நடவு பாதி முடிந்த பிறகுதான் எங்கள் பக்கம் வாய்க்கால் நனையும். அதனால் கடைமடைக்காரர்களுக்கு மேல்மடைக்காரர்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. என் கணவருக்கும் உண்டு. ஆனால் எங்களுக்கு அடுத்து மேலே இருக்கும் நிலத்துக்காரர் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர். அந்த ஒருவரை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே இல்லை, நான் ஒரு நிரல் எழுதும் வரை.

வீட்டிலிருந்தபடியே ஒரு வெளியூர் கம்பெனிக்கு நிரல் எழுதுவது என் வேலை. அது போதாதென்று, தண்ணீர் மட்டம் பார்க்கும் இரண்டு சென்சார் வாங்கி, ஒன்றை வாய்க்கால் தலைப்பு மதகிலும் இன்னொன்றை எங்கள் மடையிலும் கட்டினேன். மதகில் மட்டம் ஏறினால் மூன்று மணி நேரம் கழித்து எங்களிடமும் ஏற வேண்டும். அந்த இடைவெளியைச் சரிசெய்து, கடந்த ஒரு நாளில் இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்கின என்று கணக்கிட்டால் ஒட்டுறவு எண் வரும். அது ஒன்றை ஒட்டி இருந்தால் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. பூஜ்யத்தை ஒட்டிப் போனால் நடுவில் ஏதோ தடை. அந்த எண் எங்கள் இருவர் போனிலும் தெரியும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் அளவுகளையும் முதலிலிருந்து கூட்டுவது, சென்சாரோடு இணைத்திருந்த சின்னக் கணக்குப் பெட்டிக்குச் சுமை. அதனால் ஐந்து கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு மட்டங்களுக்கும் தனித்தனியே ஒன்று, அவற்றின் வர்க்கங்களுக்கு ஒவ்வொன்று, இரண்டையும் பெருக்கி வருவதற்கு ஒன்று. புது அளவு வந்தால் சேர், ஒரு நாள் பழசானதைக் கழி. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

சம்பா நட்ட மூன்றாவது வாரம் எண் சரியத் தொடங்கியது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் என் கணவர் போனை என் முன்னால் நீட்டினார்.

"பாத்தியா? அவன்தான் அடைக்கிறான். அவன் நிலத்தத் தாண்டித்தான வரணும்?"

தினமும் காலையில் இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போவார்கள். அன்றிலிருந்து இவர் போகவில்லை. காரணத்தை மட்டும் வேறு யாரிடமோ சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் எங்கள் வயலில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி நின்றது. போனைப் பார்த்தேன். எண் 1.3. ஒட்டுறவு எண் ஒன்றைத் தாண்டவே முடியாது. பழைய அளவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு முதலிலிருந்து கணக்கிட்டேன். ஒரு நாள்கூட எண் 0.9க்குக் கீழே இறங்கவில்லை.

தப்பு என்னுடையது. பெரிய இஞ்சினியர் மாதிரி மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து மில்லிமீட்டரில் அளந்திருந்தேன். எண் ஆயிரக்கணக்கில், அது அசைவதோ நாலு விரல். வர்க்கம் எடுத்துக் கூட்டும்போது பெட்டி கடைசி இலக்கங்களை விட்டுவிடும். சேர்த்துக் கழிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசிறு தங்கும். மூன்று வாரப் பிசிறு சேர்ந்து உண்மையை மூடிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைக் கடலிலிருந்து அளப்பதில்லை. கணுக்கால் தண்ணி, முட்டித் தண்ணி என்று நிற்கிற இடத்திலிருந்துதான் சொல்வார்கள். எனக்கு அது தோன்றவில்லை.

"அப்ப அவன் அடைக்கலையா?"

"ஒரு நாள்கூட அடைக்கலைங்க. என் நிரல்தான் தப்பு."

அவர் பைக்கை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

நண்பரின் வயல் வெடித்துக் கிடந்தது. பயிரின் நுனி மஞ்சளாகியிருந்தது. வாய்க்காலிலிருந்து அவர் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடை களிமண் வைத்து இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது.

"என்ன மச்சான் இது?"

"நான் தண்ணிய அடைக்கிறேன்னு நீ சொன்னதாக் கேள்விப்பட்டேன் மச்சான். சரி, நம்ம மடைய மூடிட்டா உனக்கு முழுசாப் போவும்ல. வந்துச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் என் தப்புண்ணே. மிஷின் கணக்குல கோளாறு" என்றேன்.

"மிஷின்னா கோளாறு வரத்தான் செய்யும் தங்கச்சி. இவன் என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டி வாய்க்காலில் இறங்கி, கையாலேயே அந்தக் களிமண்ணைப் பிய்த்தார். நண்பர் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மண்வெட்டியை நீட்டினார்.

நல்லவேளை, பயிர் தேறிவிட்டது. இப்போது வாய்க்கால் தரையிலிருந்துதான் அளக்கிறேன். தினமும் காலையில் கூட்டுத்தொகைகளை முதலிலிருந்து சரிபார்க்கிறேன். எண் சரிந்தால் இருவர் போனுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். அதில் முதல் வரி: 'முதலில் மச்சானைக் கூப்பிடவும்.'

போன மாதம் உண்மையாகவே தடை வந்தது. பாலத்தடியில் ஆகாயத் தாமரை அடைத்திருந்தது. செய்தி போனதும் நான் என் கணவரைக் கூப்பிட்டேன், லைன் பிஸி. நண்பரைக் கூப்பிட்டேன், அதுவும் பிஸி. பத்து நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.