செவலை தலை தூக்காத வைக்கோல்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் எழுத்து கோழி கிளறிய களம் மாதிரி இருக்கும். எங்கே எந்த ‘ர’ போடுவது என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வாசல் ஆணியில் ஒரு சணல் கயிறு தொங்குகிறது. வைக்கோல் கட்டுகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய நூலைச் சேர்த்துப் பெருவிரல் தடிமனுக்கு முறுக்கியது. முறுக்கியவர் என் அத்தாச்சி. மாமன் மகள், என்னைவிட எட்டு வயது மூத்தவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆறு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அந்தக் கயிறு கண்ணில் படும்போதெல்லாம், நான் முதன்முதலாக ஒரு விலை சொன்ன நாள் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

நெல்லை விற்க வாய் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் போட்டால் அரசாங்கம் வைத்ததுதான் விலை. வைக்கோல் அப்படியில்லை. ஆளைப் பார்த்தும் வானத்தைப் பார்த்தும் அதன் விலை மாறும். காய்ந்து பொன்னாக இருந்தால் ஒரு விலை, ஒரு மழை பட்டால் பாதி, இரண்டு மழை பட்டால் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆள் வராது. லாரிக்காரர்கள் கட்டுக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பார்கள், முழங்காலால் உந்தி இறுக்கம் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் மாட்டையே கூட்டிக்கொண்டு வருவார்கள். மாடு தலை தூக்காமல் தின்றால் விற்கிறவர் சொல்வது விலை. முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பினால் வாங்குகிறவர் சொல்வது விலை.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்செல்லாம் என் மனைவி பார்த்துக்கொள்வாள். மூன்று வருஷத்துக்கு முன், தை மாதக் கடைசியில், மகள் பிரசவத்துக்காக அவள் திருவாரூர் போயிருந்தாள். சம்பா அறுத்து, மெஷின் விட்டுச் சுருட்டிய தொண்ணூறு கட்டு வயலில் கிடந்தது. கிழக்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. போனில் மனைவி சொன்னாள்: “நூத்திப்பத்துக்குக் கீழ குடுத்துராதீங்க. வாயத் தொறந்து கேளுங்க.”

லாரிக்காரர் வந்தார். கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொண்ணூறு என்றார். குறைவு என்று சொல்ல நினைத்தேன், குரல் வரவில்லை. மேகத்தைப் பார்த்தபடி நின்றேன். நூறு என்றார். பிறகு நூற்றிப்பத்து. அப்பாடா, சரி என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

“அண்ணே, மழ தலைக்கு மேல நிக்குது, இவ்வளவு அழுத்தமா நின்னா எப்படிண்ணே? நூத்தியிருபது. இதுக்கு மேல எங்கப்பன் வந்து கேட்டாலும் முடியாது.”

என் கூச்சத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விலை ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் வரப்பில் அத்தாச்சியின் குரல் கேட்டது. பின்னால் கயிற்றில் செவலைப் பசு.

“தம்பி, நேத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் அடிச்ச மழையில எங்க போரு பூரா நனைஞ்சு போச்சுடா. ஆறு உருப்படியும் பட்டினி. எனக்கு நாப்பது கட்டு வேணும்.” சொல்லிக்கொண்டே பேரத்துக்குத் தயாரானார். “என்னடா இது, ஒரே கோரையா இருக்கு? இத மாடு மோந்துகூட பாக்காதே.”

செவலை யாருக்கும் காத்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் கொம்பு வரை முகத்தைப் புதைத்துக்கொண்டது. அத்தாச்சி கயிற்றை இழுத்தார். அது நகரவில்லை.

“அடி பாவி, காலையிலதானடி ஒரு கூடை தின்ன! என் பேரத்தக் கெடுக்கிறியே!”

“பட்டினின்னீங்களேம்மா?” என்றார் லாரிக்காரர். “உங்க மாடு கையெழுத்தே போட்டுருச்சு.”

அத்தாச்சி சிரித்துவிட்டார். “சரி, மாடு தலையத் தூக்கல. இனிமே நீ சொல்றதுதான் வெல. சொல்லுடா. வாயில என்ன கொழுக்கட்டையா?”

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள், செவலை மட்டும் தலை தூக்கவில்லை. நனைந்த வைக்கோல் போரும் அவருடைய தொழுவமும் என் கண்ணில் வந்து போயின.

“நூறு,” என்றேன்.

லாரிக்காரர் தலையில் கை வைத்தார். அத்தாச்சிக்குக் கோபம் வந்தது. “நான் என்ன தர்மமா கேட்டேன்? அவரு குடுக்கிற நூத்தியிருபத நானும் குடுப்பேன்.”

“நூறு போதும் அத்தாச்சி.”

“நூத்தியிருபது.”

“நூத்தியஞ்சு.”

ஒரு விலை வாயிலிருந்து வந்த பிறகு அடுத்தது தானாக வந்தது. நான் கீழே இழுக்க, அவர் மேலே இழுக்க, லாரிக்காரர் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நூத்திப்பத்து,” என்று அத்தாச்சி முடித்தார். “அதோட சித்திரையில ஒரு டிராக்டர் எரு. இதுக்கு மேல பேசுன, உன் பொண்டாட்டிக்குப் போனப் போட்டுருவேன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். மிச்சம் ஐம்பது கட்டு லாரியில் ஏறியது. அத்தாச்சியின் கடைசிக் கட்டு தொழுவத்துக்குள் போனபோது முதல் தூறல் விழுந்தது. “யாரு வெல பேசுனா?” என்று மனைவி போனில் கேட்டாள். நான்தான் என்றேன். “பொய்,” என்றாள்.

சித்திரையில் எரு வந்தது. அதன் மேல் இந்தக் கயிறு கிடந்தது. “நாப்பது கட்டு நூலு. தார்ப்பாய் கட்ட வச்சுக்க,” என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இந்த வருஷம் அத்தாச்சிக்கு முழங்காலில் ஆபரேஷன், வர முடியவில்லை. செவலை ஈன்ற கிடாரியை அவர் மகன் ஓட்டிவந்து கட்டிவிட்டு, வண்டி பார்க்கப் போய்விட்டான். வயலில் நானும் கிடாரியும் மட்டும். போனில் அத்தாச்சி. “தலையத் தூக்குதா?”

கிடாரி இரண்டு வாய் மென்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், ஈரம். பனியில் கிடந்த கட்டு.

“தூக்கிருச்சு அத்தாச்சி. ஈரமா இருக்கு. இதத் தள்ளிட்டு, நல்லதா நாப்பது எடுத்து வைக்கிறேன்.”

“அதெல்லாம் அப்புறம். தலையத் தூக்கிருச்சுல்ல? அப்ப வெல நான்தானே சொல்லணும்?”

“நீங்கதான்.”

போன வருஷத்தை விடப் பத்து ரூபாய் கூட்டிச் சொன்னார். குறைக்கச் சொல்லி நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவ்வளவு பேச்சு என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. முறைப்படி அவர் சொன்னதுதான் விலை என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் மிச்சக் கட்டுகளுக்குத் தார்ப்பாய் போட்டு, அந்தக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இதை எழுத ஆரம்பித்தபோது கயிறு தொங்கிய வாசல் ஆணி இப்போது காலியாக இருக்கிறது. அதைப் பார்த்தபடி இதை எழுதி முடித்தேன்.

மாசி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை.